ஹைகேட் மேட்டில் ஒரு கல்லறைத் தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, “எங்கள் வீட்டுக்கு மேலே மேட்டில்தான் மார்க்ஸ் இருக்கிறார்” என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த முறை முழுப் பகுதியையும் பிடித்துக்கொண்டன. நான் வரலாற்றுப் பேராசிரியன் இல்லை. சின்னச் சின்னக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். வடக்கு லண்டனில் ஆர்ச்வே பக்கம் முப்பது வருஷமாகக் குடியிருக்கிறேன். முழங்கால் ஒத்துழைக்கிற நாட்களில் ஹைகேட் கல்லறைத் தோட்டம் வரை நடந்துவிட்டு வருவேன். ஆகவே பதில்களில் கொஞ்சம் கணக்குப்பிள்ளை வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரல் மார்க்ஸ் கல்லறையைப் பார்க்கக் காசு வாங்குகிறார்களாமே, உண்மையா?
– கோவை வாசகர்

உண்மைதான். வாசலில் டிக்கெட் கொடுக்கிறார்கள். இதைக் கேட்டதும் எல்லோரும் ஒரு தடவை சிரித்துக்கொள்வார்கள். நானும் முதல் தடவை சிரித்தேன். தோட்டத்தின் வரவு செலவைத் தெரிந்துகொண்ட பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

என் மாமா ஒருவர் மில் தொழிலாளி, ஆயுள் முழுக்கச் சங்கத்தில் இருந்தவர். ஒரு ஜனவரி மாதம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வந்த மறுநாளே “அவரைப் பார்க்கணும்” என்றார். அழைத்துப்போனேன். சிலைக்கு முன்னால் போய் நின்றவர், குனிந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார். “மாமா, தரை பனியாக் கிடக்கு, வேண்டாம்” என்றேன். காதில் வாங்கவே இல்லை. சாக்ஸோடு ஈரமண்ணில் இரண்டு நிமிஷம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “தலை ரொம்பப் பெரிசா செஞ்சுட்டாங்கடா” என்றார்.

அவர் சொன்னது சரி. கிரானைட் பீடத்தின் மேல் வெண்கலத்தில் பிரம்மாண்டமான தலை. கழுத்துக்குக் கீழே தோளும் இல்லை, ஒன்றும் இல்லை. செய்தவர் லாரன்ஸ் பிராட்ஷா. திறந்து வைத்தது 1956ல். மார்க்ஸ் இறந்தது 1883 மார்ச் 14. மூன்று நாள் கழித்து அடக்கம் நடந்தபோது கூடியவர்கள் பத்துப் பதினோரு பேர்தான். ஏங்கெல்ஸ் பேசினார். அன்று புதைத்தது இந்த இடத்தில் அல்ல. உள்ளே ஒரு ஓரப் பாதையில், அதற்கு முன்பே 1881ல் இறந்த மனைவி ஜென்னியின் குழியிலேயே. 1954ல்தான் அந்தக் குழியிலிருந்த எல்லோரையும் எடுத்து இப்போதைய இடத்துக்கு மாற்றினார்கள். பழைய கல்லறையிலிருந்த பளிங்குப் பலகையை புதிய பீடத்தில் பதித்திருக்கிறார்கள். 2019ல் யாரோ ஒருவர் சுத்தியலால் அடித்தது அந்தப் பலகையைத்தான். அதற்கு முன்பு 1970ல் குண்டு வைத்தும் பார்த்தார்கள். தலை அசையவில்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. 1852ல் மார்க்ஸின் ஒரு வயதுப் பெண் குழந்தை பிரான்சிஸ்கா இறந்தபோது சவப்பெட்டி வாங்க வீட்டில் காசு இல்லை. பக்கத்தில் குடியிருந்த பிரெஞ்சு அகதி ஒருவர் கொடுத்த 2 பவுண்டில்தான் பெட்டி வாங்கியதாக ஜென்னி எழுதி வைத்திருக்கிறார். அந்த 2 பவுண்டை மனதில் வைத்துக்கொண்டு இந்தப் பெரிய தலையை அண்ணாந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கும்.

அப்புறம், நேர் எதிரே யார் இருக்கிறார் என்று பாருங்கள். ஹெர்பர்ட் ஸ்பென்சர். அரசாங்கம் மனிதர்கள் விஷயத்தில் தலையிடவே கூடாது என்று வாதாடிய தத்துவவாதி. பாதைக்கு இந்தப் பக்கம் மார்க்ஸ், அந்தப் பக்கம் ஸ்பென்சர். இங்கே ‘மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர்’ என்ற பெயரில் பெரிய கடை ஒன்று இருப்பதால், வழிகாட்டிகள் எல்லோரும் தவறாமல் அந்த ஜோக்கைச் சொல்வார்கள். நீங்களும் தவறாமல் சிரித்துவிடுங்கள், பாவம்.

ஊருக்கு நடுவே தேவாலய வளாகத்திலேயே புதைத்துக்கொண்டிருந்தவர்கள், திடீரென்று ஏன் புறநகருக்குப் போனார்கள்?
– தஞ்சாவூர் வாசகி

திடீரென்று போகவில்லை, நாற்றம் தாங்காமல் போனார்கள். 1801ல் லண்டனின் மக்கள்தொகை சுமார் 10 லட்சம். நாற்பது ஆண்டுகளில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. உயிரோடு இருப்பவர்கள் எண்ணிக்கை பெருகினால் இறப்பவர்கள் எண்ணிக்கையும் பெருகும். ஆனால் தேவாலயத்தைச் சுற்றியிருந்த மண் அதே அளவுதான். பழைய குழியைத் தோண்டி, முழுசாக மக்காததை ஒதுக்கிவிட்டு, அதிலேயே புதிய பெட்டியை இறக்கினார்கள். பல இடங்களில் கல்லறை மண் தெருவைவிட உயர்ந்துபோயிருந்தது. 1831–32ல் காலராவும் வந்தது. போதாததற்குப் பிணத் திருடர்கள் வேறு. மருத்துவப் பள்ளிகளுக்கு அறுத்துப் பார்க்க உடல்கள் வேண்டும். அன்று புதைத்ததை அன்று இரவே தோண்டி விற்கிற கூட்டம் ஒன்று இருந்தது. 1832ல் உடற்கூறியல் சட்டம் வந்த பிறகுதான் அந்த வியாபாரம் படுத்தது.

ஈனன் சேப்பல் என்று ஒரு ஜெபக்கூடம் இருந்தது, ஸ்ட்ராண்ட் சாலைக்குப் பக்கத்தில். மேலே மரப்பலகைத் தளம். அதில் ஜெபமும், குழந்தைகளுக்கு ஞாயிறு வகுப்பும் நடந்தன. பலகைக்குக் கீழே நிலவறை. மற்ற இடங்களைவிட மலிவாக அடக்கம் செய்து தருவதாகச் சொல்லி, அந்த நிலவறைக்குள் சுமார் 12,000 பேரை அடைத்துவிட்டதாக அந்தக் காலத்தில் கணக்குச் சொன்னார்கள். மேலே படிக்க வந்த பிள்ளைகள் மயங்கி விழுந்தார்களாம். பலகை இடுக்கிலிருந்து பூச்சிகள் கிளம்பினவாம். பிறகு அந்த இடத்தை வாங்கியவர்கள் அதே தளத்துக்கு மேல் நடன விருந்து நடத்தினார்கள் என்பது கதையின் கடைசிப் பகுதி. இதையெல்லாம் ஜார்ஜ் வாக்கர் என்ற மருத்துவர் 1839ல் புத்தகமாகவே போட்டு ஊரைக் கூட்டினார்.

பாரீஸ்காரர்கள் 1804லேயே ஊருக்கு வெளியே பெர் லஷேஸ் தோட்டத்தைத் திறந்துவிட்டார்கள். முதலில் அங்கேயும் ஆள் போகவில்லை. “அவ்வளவு தூரமா?” என்று தயங்கினார்கள். 1817ல் நாடகாசிரியர் மோலியேர் பெயரிலான எலும்புகளையும், அபேலார்–எலோயிஸ் காதல் ஜோடியுடையவற்றையும் கொண்டுவந்து வைத்தார்கள். அப்புறம் நான் நீ என்று இடம் பிடித்தார்கள். புது நகரில் முதலில் ஒரு நட்சத்திரத்துக்கு வீடு கொடுத்து, பிறகு மனை விற்கிற அதே உத்தி.

அதைப் பார்த்துத்தான் லண்டனிலும் கம்பெனிகள் கிளம்பின. 1833ல் கென்சல் கிரீன், அடுத்து வெஸ்ட் நார்வுட், 1839ல் ஹைகேட், பிறகு அப்னி பார்க், நன்ஹெட், பிராம்ப்டன், கடைசியாக 1841ல் டவர் ஹாம்லெட்ஸ். எட்டு வருஷத்தில் ஊரைச் சுற்றி ஏழு தோட்டங்கள், ஏழும் அன்றைய ஊர் எல்லைக்கு வெளியே. நகருக்குள் இருந்த பழைய இடங்களை இழுத்து மூடுகிற சட்டம் 1852ல்தான் வந்தது. கம்பெனிக்காரர்கள் சட்டத்துக்கே இருபது வருஷம் முந்திக்கொண்டார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் ‘கல்லறைத் தோட்டம்’ என்று சர்வ சாதாரணமாகச் சொல்கிறோம். கல்லறையும் தோட்டமும் ஒரே இடத்தில் இருக்கலாம் என்பது 1830களின் லண்டன்காரருக்குப் புது யோசனை.

தோட்டம் என்கிறீர்கள், படத்தில் பார்த்தால் எகிப்து மாதிரி இருக்கிறதே?
– திருச்சி கல்லூரி மாணவர்

நீங்கள் பார்த்தது மேற்குப் பகுதி. ஸ்வெய்ன்ஸ் லேன் என்ற செங்குத்தான சந்து நடுவில் ஓடுகிறது. அதற்கு மேற்கே இருப்பது 1839ல் திறந்த மூலத் தோட்டம். கிழக்கே இருப்பது 1850களில் இடம் போதாமல் சேர்த்தது. மார்க்ஸ் இருப்பது அங்கே. ஒரு நல்ல விஷயம் சொல்கிறேன். சிற்றாலயம் மேற்கில் இருக்கிறது, புதிய குழிகள் கிழக்கில். நடுவில் பொதுச் சாலை. பெட்டியைச் சாலை வழியாகத் தூக்கிப்போனால் புனித மண்ணைவிட்டு வெளியே போனதாகிவிடுமே! அதற்காகச் சாலைக்கு அடியில் சுரங்கம் வெட்டினார்கள். ஜெபம் முடிந்ததும், நீரழுத்தத்தில் இயங்கும் மேடையில் பெட்டி அப்படியே கீழே இறங்கும். சுரங்கம் வழியாக மறுபக்கம் போகும். தரைமேல் நிற்கிற உறவினருக்குப் பெட்டி பூமிக்குள் அமிழ்ந்ததுதான் தெரியும்.

எகிப்து விஷயத்துக்கு வருகிறேன். நெப்போலியன் எகிப்துக்குப் படையெடுத்துப் போனதிலிருந்து ஐரோப்பாவுக்கே எகிப்துப் பைத்தியம் பிடித்திருந்தது. கம்பெனியைத் தொடங்கிய கட்டடக் கலைஞர் ஸ்டீபன் கியரி அந்த மோகத்தைச் சரியாகப் பயன்படுத்திக்கொண்டார். மேட்டில் ஏறினால் இரண்டு கூர்நுனித் தூண்கள், தாமரை மொட்டுப் போன்ற தலைகளோடு பருத்த தூண்கள், அவற்றுக்கு நடுவே ஒரு வாசல். உள்ளே நுழைந்தால் சரிவான நடை. இருபக்கமும் எட்டு எட்டாகப் பதினாறு அறைகள், ஒவ்வொன்றுக்கும் இரும்புக் கதவு. அறைக்குள் பன்னிரண்டு பெட்டிகள் வைக்க அலமாரித் தட்டுகள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. இதுதான் எகிப்திய நடை.

அதைத் தாண்டினால் வானம் திறக்கிறது. வட்டமாகக் குடைந்த பள்ளம், நடுவில் மேடு, மேட்டைச் சுற்றிலும் அறைகள். இதற்கு லெபனான் வட்டம் என்று பெயர். ஏன் லெபனான்? கம்பெனி வாங்குவதற்கு முன்பு அந்த இடம் ஒரு மாளிகையின் தோட்டமாக இருந்தது. அங்கே ஏற்கெனவே ஒரு பெரிய லெபனான் தேவதாரு நின்றது. கட்டடக்காரர்கள் மரத்தை வெட்டவில்லை. அதன் வேரைச் சுற்றி மண்ணைக் குடைந்து, மரம் தொட்டியில் வைத்தது போல நிற்கும்படி செய்தார்கள். நான் அந்த மரத்தைப் பார்த்திருக்கிறேன். அறைகளின் கூரைக்கு மேல் குடை விரித்த மாதிரி நிற்கும். பூஞ்சை நோய் கண்டு, கிளை முறிந்து விழும் அபாயம் வந்ததால் 2019ல் அதை வெட்ட வேண்டியதாயிற்று. இப்போது அங்கே நிற்பது கன்று. அது குடை விரிக்கும்போது பார்க்க நான் இருக்கப்போவதில்லை.

வட்டத்துக்கு மேலே, மேட்டு உச்சியில், ஜூலியஸ் பீர் கட்டிய மண்டபம் இருக்கிறது. ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து வந்த யூதர். லண்டன் பங்குச் சந்தையில் பணம் சம்பாதித்தார். ‘அப்சர்வர்’ பத்திரிகையை வாங்கினார். எட்டு வயதில் இறந்த மகள் ஏடாவுக்காக, பழைய உலக அதிசயங்களில் ஒன்றான ஹாலிகார்னசஸ் சமாதியை மாதிரியாக வைத்து 1870களில் இதைக் கட்டினார். உள்ளே ஒரு பளிங்குச் சிற்பம்: தேவதை குனிந்து குழந்தையைத் தூக்குகிறது. பணம் வந்தும் மேட்டுக்குடியினர் தன்னை மதிக்காததால், அவர்கள் ஞாயிற்றுக்கிழமை உலாவ வரும் மேல்தளத்திலிருந்து லண்டன் தெரியாதபடி மறைப்பதற்காகவே இவ்வளவு உயரமாகக் கட்டினார் என்று ஒரு கதை உண்டு. கதை நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்தவர்கள், ஒருவன் பழிவாங்கவா இவ்வளவு செலவு செய்வான் என்று கேட்பார்கள். நான் கேட்கிறேன்.

தூண்களெல்லாம் பாதியில் உடைந்து கிடக்கின்றனவே, டிக்கெட் பணத்தில் அதைச் சரிசெய்யக் கூடாதா?
– சேலம் வாசகர்

நானும் முதல் வருஷம் இப்படித்தான் திட்டினேன்! உடையவில்லை ஐயா, செய்ததே அப்படித்தான். உடைந்த தூண் என்றால் ஆயுள் பாதியில் முறிந்தவர் என்று அர்த்தம். தலைகீழாகப் பிடித்த தீப்பந்தம், அணைந்த உயிர். ஜாடிமேல் பாதி விழுந்த துணி, இந்த உலகுக்கும் அந்த உலகுக்கும் நடுவே திரை. கிழக்குப் பகுதியில் கல்லில் செய்த பியானோவே இருக்கிறது. ஹாரி தார்ன்டன் என்ற இசைக் கலைஞருடையது. 1918 விஷக்காய்ச்சலில் போனவர்.

அங்கே சிங்கம், நாய்க்கெல்லாம் கூடச் சிலை இருக்கிறதாமே?
– புதுச்சேரி வாசகி

சிங்கத்தின் பெயர் நீரோ. நாயின் பெயர் லயன், அதாவது சிங்கம். குழம்பாமல் கேளுங்கள்.

ஜார்ஜ் வோம்ப்வெல் சோஹோவில் செருப்புத் தைத்தவர். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கிய இரண்டு மலைப்பாம்புகளை வாங்கி, மதுக்கடைகளில் காட்டிக் காசு பார்த்தார். அதில் ருசி கண்டு, யானை, சிங்கம் என்று சேர்த்து ஊர் ஊராக மிருகக்காட்சி நடத்தினார். 1850ல் இறந்தார். அவர் கல்லறைமேல் நீரோ படுத்துத் தூங்குகிறது. குழந்தைகளை முதுகில் ஏற்றிக்கொள்ளும் அளவுக்கு அது சாதுவாம். பாசி படிந்த முகம். பார்த்தால் தடவிக்கொடுக்கத் தோன்றும்.

டாம் சேயர்ஸ் கையுறை இல்லாமல் குத்துச்சண்டை போட்டவர். 1860ல் அமெரிக்கர் ஜான் ஹீனனோடு மோதி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருவரும் ரத்தம் சிந்தி, கடைசியில் கூட்டம் உள்ளே புகுந்து சண்டை முடிவில்லாமல் நின்றது. 1865ல் 39 வயதில் இறந்தார். ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டம். சவ வண்டிக்கு நேர் பின்னால், முதன்மை துக்கக்காரர் இடத்தில் ஒரு குதிரைவண்டி. அதில் தனியாக, கழுத்தில் கறுப்புத் துணி கட்டி, லயன் உட்கார்ந்திருந்தது. இப்போது கல்லாகக் கல்லறையின் காலடியில் படுத்திருக்கிறது.

மனைவியின் கல்லறையைத் தோண்டிக் கவிதை எடுத்தவர் கதை நிஜமா, கற்பனையா?
– மதுரை வாசகர்

நிஜம். கவிஞரும் ஓவியருமான ரொசெட்டியின் மனைவி எலிசபெத் சிடால் 1862ல் இறந்தார். துக்கத்தில் அவர், தன் கவிதைகளின் ஒரே கையெழுத்துப் பிரதியை மனைவியின் பெட்டிக்குள் வைத்துப் புதைத்துவிட்டார். ஏழு வருஷம் ஆயிற்று. துக்கம் ஆறியது, கவிதை ஞாபகம் வந்தது. 1869 அக்டோபரில் நண்பர்கள் இரவில் தீமூட்டி வைத்துக்கொண்டு தோண்டி எடுத்தார்கள். ரொசெட்டி வரவில்லை. நோட்டில் புழு துளைத்திருந்தது. கிருமிநாசினியில் நனைத்து, காயவைத்து, படியெடுத்து, அடுத்த ஆண்டு அச்சிட்டார்கள். அவர் இறந்த பிறகு இந்தக் குடும்பக் கல்லறையில் வைக்கவில்லை. கடற்கரை ஊர் ஒன்றில் புதைத்தார்கள். எலிசபெத் இங்கே மாமனார் மாமியாரோடு இருக்கிறார்.

பேய் உண்டா?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்

இல்லை. ஆனால் 1970 மார்ச் 13, வெள்ளிக்கிழமை இரவு, ரத்தக்காட்டேரி இருக்கிறது என்று தொலைக்காட்சியில் பேசியதைக் கேட்டுவிட்டு, ஒரு கூட்டம் சுவரேறிக் குதித்து வேட்டையாடப் போனது. காட்டேரி கிடைக்கவில்லை. கல்லறைகள்தான் சேதமாயின. 2013ல் எகிப்திய நடையின் இருட்டு அறைகளில் வேறொன்று கிடைத்தது: வெளிச்சமே ஆகாத அபூர்வக் குகைச் சிலந்திகள். ஆக, உள்ளே குடியிருப்பு உண்டு.

நம் ஆட்கள் யாராவது அங்கே இருக்கிறார்களா?
– நாகர்கோவில் வாசகர்

மார்க்ஸுக்குப் பக்கத்திலேயே ஒருவர் இருக்கிறார். யூசுப் தாதூ. தென்னாப்பிரிக்காவில் குஜராத்திக் குடும்பத்தில் பிறந்த மருத்துவர். நிறவெறிக்கு எதிராகப் போராடி, நாட்டைவிட்டு வெளியேறி, 1983ல் லண்டனில் இறந்தார். மார்க்ஸின் இன்னொரு பக்கத்தில் கிளாடியா ஜோன்ஸ், டிரினிடாடில் பிறந்த கறுப்பினப் பெண். அமெரிக்கா அவரை வெளியேற்றியதும் இங்கே வந்து பத்திரிகை நடத்தியவர். ஈராக், ஈரான் என்று பல நாட்டு நாடிழந்தவர்கள் அந்த மூலையில் நெருக்கிப் படுத்திருக்கிறார்கள். ஊருக்குத் திரும்ப முடியாதவர்களின் தெரு அது.

மற்றபடி இந்தியர்களைத் தேடினால் வேறு தோட்டங்களுக்குப் போக வேண்டும். ரவீந்திரநாத் தாகூரின் தாத்தா துவாரகநாத் தாகூர் 1846ல் லண்டனில் இறந்தார். கென்சல் கிரீனில் இருக்கிறார். ராஜா ராம்மோகன் ராய் 1833ல் பிரிஸ்டலில் இறந்தபோது, முதலில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் புதைத்தார்கள். பத்து வருஷம் கழித்து ஆர்னோஸ் வேல் தோட்டத்துக்கு மாற்றி, வங்காளத்து மண்டபம் போன்ற ஒரு கல்மண்டபம் கட்டினார்கள். செலவு அதே துவாரகநாத்துடையது. ஜாம்ஷெட்ஜி டாடா புரூக்வுட்டில், பார்சிகளுக்கென்று ஒதுக்கிய பகுதியில்.

புரூக்வுட் என்றதும் ஒரு விஷயம். லண்டனிலிருந்து தூரம் என்பதால் அதற்கென்றே 1854 முதல் லண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து தனி ரயில் விட்டார்கள். 1941ல் ஜெர்மன் குண்டு விழும் வரை அது இருந்தது. உயிரோடு போகிறவருக்குப் போக வர டிக்கெட். பெட்டிக்கு ஒருவழி டிக்கெட் மட்டும். பெட்டிக்கும் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு உண்டு.

இவ்வளவு பணக்காரர்கள் இருக்கிற இடம் எப்படிக் காடாகப் போயிற்று?
– ஈரோடு, ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நீங்கள் வங்கியில் இருந்தவர், சட்டென்று பிடித்துக்கொள்வீர்கள்.

ஹைகேட்டைத் தொடங்கிய லண்டன் சிமெட்ரி கம்பெனி 1836ல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது. பங்கு விற்று நடத்திய லாப நோக்குக் கம்பெனி. நிலத்தை 3,500 பவுண்டுக்கு வாங்கியது. ஏக்கர் கணக்கில் வாங்கி, ஆறடிக் கணக்கில் விற்றால் லாபத்துக்கு என்ன குறை? முதல் ஆண்டுகளில் கொழுத்த லாபம். பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகை. எகிப்து வாசல், தோட்டக்காரர்கள், வெட்டிவிட்ட புல், அங்கிருந்து பார்த்தால் லண்டன் முழுக்கத் தெரிகிற காட்சி. ஞாயிற்றுக்கிழமை உலாவ வருவார்கள்.

இப்போது ஐந்தொகையின் மறுபக்கத்தைப் பாருங்கள். குழியை ஒரே ஒருமுறைதான் விற்க முடியும். வாங்கியவருக்கு உரிமை நிரந்தரம். புல்லோ வருஷா வருஷம் வளரும். சுவர் சாயும், கூரை ஒழுகும், கூலி ஏறும். மொத்தம் 53,000 குழிகள் அளவில் 1,70,000 பேர். ஒவ்வொரு விற்பனையிலும் வரவு ஒருமுறை. அதனால் வரும் செலவு முடிவே இல்லாமல். நான் கணக்கு எழுதிய கம்பெனிகளில் ஒன்றுகூட இவ்வளவு மோசமான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதில்லை. கையில் மனை இருக்கும் வரை இந்த ஓட்டை வெளியே தெரியாது. இன்று விற்ற காசில் நேற்று விற்றதைப் பராமரிப்பார்கள். மனை தீர்ந்த அன்று குட்டு வெளிப்படும்.

இரண்டு உலகப் போர்கள் தோட்டக்காரர்களைக் கொண்டுபோயின. எரியூட்டும் வழக்கம் பரவியது. அறை வாங்கிய குடும்பங்கள் பெயர்ந்து போயின, சில வம்சமே இல்லாமல் போயின. 1960ல் கம்பெனி வேறொரு கம்பெனிக்குள் கரைந்தது. 1975ல் மேற்குப் பகுதியின் கதவைச் சாத்திவிட்டார்கள். ஆளில்லாத தோட்டத்தில் சைக்கமோர் மரத்தின் இறக்கை முளைத்த விதைகள் காற்றில் வந்து விழுந்தன. ஒவ்வொரு விதையும் இரண்டு கல்லறைக்கு நடுவே முளைத்து, பருத்து, கல்லைச் சாய்த்து நின்றது. இன்று உலகமே வந்து படம் எடுக்கிற அந்த ஐவிக்கொடி மூடிய தேவதைகள், சாய்ந்த சிலுவைகள், பச்சை இருட்டு எல்லாமே 1839ல் யாரும் திட்டமிட்டதல்ல. கம்பெனி திவாலானதின் அழகு.

அதே 1975ல் உள்ளூர்க்காரர்கள் ‘ஹைகேட் கல்லறை நண்பர்கள்’ என்று ஓர் அமைப்பைத் தொடங்கி, கத்தரிக்கோலும் மண்வெட்டியுமாக இறங்கினார்கள். எல்லா மரத்தையும் வெட்டிவிடவும் இல்லை, எல்லாவற்றையும் விட்டுவிடவும் இல்லை. கல்லைப் பிளக்கிற மரத்தை எடுப்பார்கள், மற்றதை விடுவார்கள். கோவையில் கேட்டீர்களே, டிக்கெட் பணம், அது இந்தக் கத்தரிக்கோலுக்குத்தான் போகிறது. ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முந்தைய கம்பெனி எழுதாமல் விட்ட செலவை, இன்று மார்க்ஸைப் பார்க்க வருகிறவர்கள் கட்டுகிறார்கள்.

இப்போதும் அங்கே அடக்கம் செய்கிறார்களா?
– காரைக்குடி வாசகி

செய்கிறார்கள். 2006ல் கதிரியக்க விஷம் கொடுத்துக் கொல்லப்பட்ட ரஷ்யர் லிட்வினென்கோவை ஈயம் பூசிய பெட்டியில் வைத்தது இங்கேதான். பாடகர் ஜார்ஜ் மைக்கேல் மேற்கில், தன் தாயாருக்குப் பக்கத்தில். டக்ளஸ் ஆடம்ஸ் என்ற எழுத்தாளரின் சின்னக் கல்லுக்கு முன்னால் ஒரு ஜாடி. வருகிறவர்கள் பேனா போட்டுவிட்டுப் போவார்கள். என் மகளும் ஒன்று போட்டாள், என் நல்ல பேனா. ஓவியர் பேட்ரிக் கால்ஃபீல்டின் கல்லில் பெரிய எழுத்துகளைக் குடைந்திருக்கிறார்கள், படிக்கட்டு மாதிரி இறங்கும். கூட்டிப் படித்தால் ‘செத்தாயிற்று’. அவரே வரைந்து வைத்துவிட்டுப் போனது.

இடத்துக்கு என்ன செய்கிறார்கள் என்றால், 2022ல் இதற்கென்றே நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் வாங்கினார்கள். நெடுங்காலமாக யாரும் கேட்டு வராத பழைய குழிகளை, அறிவிப்புக் கொடுத்து, ஆட்சேபம் இல்லாவிட்டால் மறுபடி பயன்படுத்தலாம். ‘நிரந்தரம்’ என்று எழுதிக்கொடுத்த கணக்கை 183 வருஷம் கழித்துத் திருத்தி எழுதியிருக்கிறார்கள்.

கூட்டம் இல்லாமல், நிதானமாக ஒரே ஒரு கல்லறைதான் பார்க்க முடியும் என்றால் எதைப் பார்க்கச் சொல்வீர்கள்?
– திருநெல்வேலி, இயற்பியல் ஆசிரியை

உங்களுக்கு என்றால் சந்தேகமே இல்லை, மைக்கேல் ஃபாரடே. மேற்குப் பகுதியில், இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராதவர்களுக்கென்று ஒதுக்கிய இரண்டு ஏக்கரில், சுவரை ஒட்டி இருக்கிறார். கொல்லர் மகன், புத்தகம் பைண்டிங் செய்யப் போய், பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானியானவர். இன்று நீங்கள் சுவிட்சைப் போடுவதற்கும் அவருக்கும் உள்ள சம்பந்தத்தை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சர் பட்டம் வேண்டாம் என்றார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டன் பக்கத்தில் புதைக்கலாம் என்றபோதும் வேண்டாம் என்றார். 1867ல் இறந்தார். கல்லில் பெயர், பிறந்த நாள், இறந்த நாள். அவ்வளவே. மழை பெய்த மறுநாள் போனால், எழுத்துக்குள் தண்ணீர் நின்று பெயர் தெளிவாகத் தெரியும். காய்ந்த நாளில் பக்கத்தில் போய்க் குனிய வேண்டும்.

கடைசியாக ஒன்று. கோபித்துக்கொள்ள வேண்டாம். இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் அங்கே இடம் வாங்கிவிட்டீர்களா?
– சென்னை வாசகர்

கோபம் என்ன, நியாயமான கேள்வி. ஒருநாள் வாசல் அலுவலகத்தில் விலை கேட்டேன். கேட்டதோடு சரி. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “அந்த மேட்டுக்கு என் முட்டியை வெச்சுக்கிட்டு யார் ஏறி வர்றது? நமக்கு கோல்டர்ஸ் கிரீன் எரிமேடை போதும். 210 பஸ் நேரா போகுது” என்றாள்.